வயிற்றிலிருந்து வர வேண்டிய எழுத்து

முதல் குத்து விழுவதற்கு முன்னால் மாஸ்டர் மரியாதையாக விசாரித்தார்.

"சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆச்சு சார்?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"அப்ப சரி. வயிறு நிறைஞ்சும் இருக்கக் கூடாது, காலியாவும் இருக்கக் கூடாது. கண்ணாடியைக் கழட்டிடுங்க. மூச்சைப் பிடிக்காதீங்க, அது பாட்டுக்கு வரட்டும் போகட்டும்."

லிஃப்ட்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். அங்கே இருந்தால் நொறுங்கிவிடுமே என்று யோசித்து, மறுபடி எடுத்து மேசைமேல் வைக்கத் திரும்பினார். அதற்குள் குத்து விழுந்துவிட்டது.

தொப்புளுக்கு இரண்டு விரற்கடை மேலே, நூல் பிடித்த மாதிரி. நாற்பத்திரண்டு வருட வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து வராத ஒரு சத்தம் வந்தது. 'இ'யும் இல்லை, 'உ'வும் இல்லை. இரண்டும் ஒரே கதவில் ஒரே நேரத்தில் வெளியேறப் பார்த்து நடுவில் மாட்டிக்கொண்டது போன்ற ஒரு சத்தம். மாஸ்டர் தலையைச் சாய்த்து அதைக் கவனமாகக் கேட்டார்.

"கிட்டத்தட்ட வந்துடுச்சு சார். கடைசியில கொஞ்சம் 'அம்மா' கலந்திருச்சு. நாளைக்கு அதை எடுத்துடலாம்."

ரஷ்ய நெடுங்கணக்கில் ஓர் எழுத்து உண்டு. பார்க்க அறுபத்தொன்று என்று எண்ணால் எழுதியது போல இருக்கும். அதனால் மாணவர்கள் அதை 'அறுபத்தொண்ணு' என்றே சொன்னார்கள். அதைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால் வயிற்றில் யாரோ குத்தியது போலச் சொல்ல வேண்டும் என்று உலகத்தில் பலர் விளையாட்டாகச் சொல்வார்கள். இந்த நிறுவனம் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஓய்வுபெற்ற குத்துச்சண்டை வீரர் ஒருவரை முழுநேரப் பணியில் அமர்த்தியிருந்தது.

லிஃப்ட்காரர் இருபது வருடமாக லிஃப்ட் பழுது பார்ப்பவர். பன்னிரண்டாவது மாடியில் பெட்டியின் கூரைமேல் நின்று, இருட்டுக் குழிக்குள் கம்பிவடத்தைத் தடவிப் பார்த்தே எது நைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் இங்கே வந்து வயிற்றைக் காட்டிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் அவருடைய மனைவி.

மனைவி நர்ஸ். கடலே உறைந்துபோகும் ஒரு துறைமுக ஊரில், ரஷ்ய மொழி பேசும் ஆஸ்பத்திரி ஒன்றில், எலும்பு வார்டில் மூன்று வருடமாக வேலை. மூன்று வருடமும் நாலு பேரோடு ஒரே அறையில் படுத்தவளுக்கு இப்போதுதான் ஒன்றரை அறை வீடு ஒதுக்கியிருந்தார்கள், கணவனோடு வாழ்பவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. மாதக் கடைசிக்குள் கணவன் வந்து நிற்காவிட்டால் அந்த வீடு, புதிதாகக் கல்யாணமான எக்ஸ்ரேக்காரருக்குப் போய்விடும். கணவன் போக வேண்டுமானால் தூதரகத்தில் குடும்ப அனுமதிக்கு முத்திரை வேண்டும். முத்திரைக்கு 'உச்சரிப்புத் தகுதிச் சான்றிதழ்' வேண்டும். அந்தச் சான்றிதழைக் கொடுக்கும் அதிகாரம் இந்த ஒரு நிறுவனத்துக்குத்தான் இருந்தது. மாதக் கடைசிக்கு இருபத்துமூன்று நாள்.

சேர்ந்த அன்று முதல்வர் வரவேற்புரை ஆற்றினார். கோட்டு போட்ட மெலிந்த மனிதர். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் கைதட்டலுக்காகக் காத்திருப்பார். வராவிட்டால் தானே தட்டிக்கொள்வார்.

"ஒரு மொழியை அதைப் பேசறவங்ககிட்ட கத்துக்கறது ரொம்ப சுலபம். அதனாலதான் அதை நாங்க தவிர்க்கிறோம்" என்றார். தட்டிக்கொண்டார். "இந்த நிறுவனம் ஆரம்பிச்சு இருபத்தெட்டு வருஷம். இதுவரைக்கும் ஒரு ரஷ்யர்கூட உள்ள வந்து எங்க தரத்தைக் கெடுத்ததில்ல. எங்க மாணவர்கள்ல நூத்துக்கு எழுபது பேர் எழுந்து நடந்தே வீட்டுக்குப் போறாங்க. மீதி முப்பது பேரையும் நாங்க கைவிடறதில்ல. அவங்களுக்குத் தனியா சக்கர நாற்காலி வாங்கி வெச்சிருக்கோம்."

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் லிஃப்ட்காரரிடம் குனிந்தாள். தையல் வேலை செய்பவள். அதே நாட்டில் ஒரு சீருடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலைக்குக் கடிதம் கைக்கு வந்திருந்தது.

"தம்பி, நாற்காலியில சக்கரம் நல்லா உருளுதான்னு பார்த்தீங்களா?"

"பார்த்தேன்க்கா. இடது பக்கம் பேரிங் போயிருக்கு."

"அப்ப நடந்தே போற எழுபதுல இருந்துக்குவோம்" என்றாள்.

நிறுவனம் மூன்று மாடிக் கட்டடம். முதல் மாடியில் உச்சரிப்புத் துறை. மூன்றாவது மாடியில் எழுத்துத் துறை. நடு மாடி காலி. பதினோரு வருடத்துக்கு முன்னால் இரண்டு துறைகளும் நடு மாடியில் கூட்டுக் கூட்டம் நடத்தியிருந்தன. பாலுக்கான ரஷ்யச் சொல்லை எப்படிக் கற்பிப்பது என்பது பொருள். அந்தச் சொல்லை 'மொலோகோ' என்று எழுத வேண்டும், 'மலகோ' என்று சொல்ல வேண்டும். யார் பேச்சைக் கேட்பது என்ற வாதத்தில் ஒரு பேராசிரியரின் இரண்டு பல், ஒரு நூலகரின் காது மடல், பதினாறு நாற்காலி, எல்லாம் போயின. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. லிஃப்டும் நடு மாடியிலேயே கதவு பிளந்து நின்றுவிட்டது. கதவில் நாற்காலியால் அடித்த பள்ளம் அப்படியே இருந்தது. லிஃப்ட்காரர் அதைப் பார்த்துத் தாளாமல், "கதவுப் பூட்டு சுவிட்சு மட்டும்தான் சார் போயிருக்கு, அரை மணி நேரத்துல ஓட்டிக் காட்டறேன்" என்று முதல்வரிடம் சொன்னார். முதல்வர் முகம் வெளிறிப்போய், "வேணாம், வேணாம். அது ஓடினா அவங்க கீழ வந்துடுவாங்க" என்றார்.

ஆக மாணவர்கள் காலையில் மேலே ஏறி எழுத்துத் துறையில் 'மொலோகோ' என்று எழுதுவார்கள். காதில் கேட்டபடி 'மலகோ' என்று எழுதினால் எஃகு ஸ்கேலால் விரல் முட்டியில் அடி. பிற்பகல் கீழே இறங்கி 'மலகோ' என்று சொல்வார்கள். எழுதியபடி 'மொலோகோ' என்று சொன்னால் கன்னத்தில் அறை. அழுத்தம் எந்த அசையில் விழும் என்பதை அந்த மொழியில் எழுதிக் காட்டும் வழக்கமில்லை. நிறுவனம் கன்னத்தில் காட்டியது. கடைசி அசை என்றால் வலது கன்னம். முதல் அசை என்றால் இடது. நடு அசைக்கு இரண்டு கன்னமும். அழுத்த விரிவுரையாளருக்கு உள்ளங்கை தோல் செருப்பு மாதிரி காய்த்திருந்தது.

லிஃப்ட்காரருக்கு எழுத்து பிடிபடுவதே பெரும்பாடாக இருந்தது. லிஃப்ட் பட்டனில் 'பி' என்று ஆங்கில எழுத்து இருந்தால் பார்க்கிங் என்று நம்பி இருபது வருடம் இறங்கியவர் அவர். அதே எழுத்து இங்கே 'ர' என்று ஒலித்தது. 'எச்' என்பது 'ந' ஆகிவிட்டது. 'சி' என்பது 'ஸ'. எல்லா வயரையும் பிடுங்கி வேறு வேறு இடத்தில் சொருகிய கன்ட்ரோல் பேனல் போல இருந்தது அந்த நெடுங்கணக்கு. இது போதாதென்று சத்தமே இல்லாத இரண்டு எழுத்துகள் வேறு. ஒன்று மென்குறி, இன்னொன்று வன்குறி. அவற்றுக்கு ஒரு மேடம் இருந்தார். மென்குறியைச் சொல்லிக் கொடுக்க முகத்தில் தலையணை வைத்து அமுக்குவார். வன்குறிக்குப் பலகை.

வணக்கம் சொல்கிற சொல்லில் ஓர் எழுத்து, எழுதும்போது இருந்தே ஆக வேண்டும், சொல்லும்போது இருக்கவே கூடாது. அதற்கு மட்டும் லிஃப்ட்காரரின் விரல் மூன்று நாள் வீங்கிக் கிடந்தது.

"எனக்கு இது உடனே புரிஞ்சிடுச்சு தம்பி" என்றாள் தையல் அக்கா, தன் விரல்களை வாயில் வைத்து ஊதிக்கொண்டே. "எங்க வீட்டுக்காரர் மாதிரி. கல்யாண போட்டோவுல இருப்பாரு. வீட்டுல இருக்க மாட்டாரு."

மதிய இடைவேளையில் மனைவி போன் செய்வாள். லிஃப்ட்காரர் மாடிப்படியில், லிஃப்டின் உடைந்த கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்.

"என்னங்க, இன்னைக்கு எங்க அடி?"

"மேல விரல்ல நாலு. கீழ கன்னத்துல ரெண்டு. தலையணை ஒரு தடவை."

"ஐஸ் வெச்சீங்களா?"

"இங்க ஐஸ் எங்கம்மா கிடைக்குது?"

"இங்க ஜன்னலைத் திறந்தா கிடைக்கும். வந்து நீங்களே எடுத்து வெச்சுக்கோங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த அரை அறைக்கு ஜன்னல் இருக்குங்க. கடல் தெரியுது. வெள்ளையா, அசையாம கிடக்குது. தனியாப் பார்த்தா பயமா இருக்கு."

கன்னம் வீங்கியிருப்பதால் பேச வரவில்லை என்று லிஃப்ட்காரர் சமாளித்தார்.

அவள் பேச்சை மாற்றினாள். காலில் எடைக்கல் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு கிழவரிடம் போனைக் கொடுத்து, பால் என்று சொல்லச் சொன்னாள். கிழவர் சொன்னார். லிஃப்ட்காரர் திருப்பிச் சொன்னார். கிழவர் சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் சொன்னார். இவரும் சொன்னார். "ஹரஷோ!" என்றார் கிழவர். நல்லாயிருக்கு என்று அர்த்தம்.

"அடியே விழாம வந்துடுச்சேம்மா!" என்று லிஃப்ட்காரருக்கே ஆச்சரியம். அந்த உற்சாகத்தில், "இரு, அவர்கிட்டயே போனைக் குடு. அறுபத்தொண்ணு சொல்றேன், கேக்கட்டும்" என்றார். கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்தார். மாஸ்டரின் முஷ்டியை மனதில் நிறுத்தினார். வயிற்றை எக்கிச் சொன்னார்.

அந்தப் பக்கம் ஏதோ தட்டு கீழே விழுந்தது. கிழவர் அலறினார். பலர் ஓடும் சத்தம் கேட்டது. மூன்று நிமிடம் கழித்து மனைவி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"என்னங்க பண்ணீங்க? போன்ல ஒரு ஆள் செத்துக்கிட்டு இருக்கான்னு தாத்தா டாக்டரைக் கூப்பிட்டுட்டாரு. எடைக்கல்லோட எழுந்திருக்கப் பார்த்தாருங்க!"

"அதுதாம்மா சரியான உச்சரிப்பு."

"எவன் சொன்னான்? இந்தச் சத்தத்தை நான் தினம் கேக்கறேங்க. இறங்கிப்போன தோளை இழுத்து உள்ள தள்ளுவாங்க பாருங்க, அப்ப வர்ற சத்தம். அது எழுத்து இல்லைங்க. வலி."

திங்கட்கிழமைதோறும் நிறுவனத்தில் மூல ஒலிநாடா போடுவார்கள். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். பல வருடத்துக்கு முன்னால் ஒரு ரஷ்ய மாலுமி நெடுங்கணக்கையும் முப்பது சொற்களையும் சொன்ன ஒலிநாடா அது. இருபத்தெட்டு வருடத்து ஆராய்ச்சி முழுக்க அதன்மேல்தான். இத்தனை நாளும் தலை குனிந்து நின்ற லிஃப்ட்காரர் அந்தத் திங்கட்கிழமை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இயந்திரச் சத்தத்தை வைத்தே நோய் சொல்கிற காது அது. கட்டில் கிறீச்சிட்டது. ஏதோ உலோகத் தட்டு குலுங்கியது. யாரோ 'ம்ம், இழு' என்பது போல முனகினார்கள். அறுபத்தொன்று வந்த இடத்தில் 'மொளுக்' என்று ஒரு சத்தம்.

வகுப்பு முடிந்ததும் மாஸ்டரைப் படிக்கட்டில் மடக்கினார்.

"மாஸ்டர், அந்த டேப்புல அந்த ஆளை என்னவோ பண்றாங்க."

மாஸ்டர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க மாமாதான் சார் பதிவு பண்ணாரு. ஆஸ்பத்திரியில வார்டு பாய். அந்த மாலுமி கப்பல் ஏணியில இருந்து விழுந்துட்டான். தோள் இறங்கிடுச்சு. இழுத்து வைக்கும்போது கவனம் வேற பக்கம் போகட்டும்னு, உங்க ஊர் எழுத்தெல்லாம் சொல்லுப்பான்னு பேச்சுக் குடுத்திருக்காங்க. புது டேப் ரெக்கார்டர் ஆச்சே, மாமா பட்டனை அமுக்கிட்டாரு."

"இதை நீங்க முதல்வர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேனே! ஏழு வருஷத்துக்கு முன்னால, நானே தேடி வந்து சொன்னேன். பாவம் பசங்க, தப்பாப் படிக்கறாங்களேன்னு. உடனே விசாரணைக் குழு போட்டாங்க. எட்டு மாசம் விசாரிச்சாங்க. நான் சொன்னது உண்மைதான்னு முடிவு பண்ணாங்க."

"அப்புறம்?"

"அப்படின்னா மாலுமிக்கு இருந்த வலி மாணவருக்கும் இருந்தாதானே அதே எழுத்து வரும், இத்தனை வருஷம் வலி இல்லாம சொல்லிக் குடுத்தது பெரிய தப்புன்னு தீர்மானம் போட்டாங்க. என்னையே வேலைக்கு எடுத்துட்டாங்க." மாஸ்டர் தன் முஷ்டியைப் பார்த்துக்கொண்டார். "பென்ஷன் உள்ள வேலை சார். எனக்கு மூணு பொண்ணுங்க."

மணி அடித்தது. மாஸ்டர் எழுந்து, "வாங்க சார், உங்க முறை" என்றார். அன்றைக்கு மெதுவாகத்தான் குத்தினார். அதற்காக முதல்வர் அவரிடம் விளக்கம் கேட்டு எழுதினார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் தேர்வு. பெரிய மேசை போட்டு முதல்வரும், அழுத்த விரிவுரையாளரும், தலையணை மேடமும் உட்கார்ந்திருந்தார்கள். லிஃப்ட்காரர் முப்பது சொற்களையும் சொன்னார். நெடுங்கணக்கும் சொன்னார். மாஸ்டர் குத்தாமலேயே அறுபத்தொன்றைச் சொல்லி, சொன்ன கையோடு முழங்காலில் சரிந்தார். முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சான்றிதழ் மேசைமேல் இருந்தது. மூன்று கையெழுத்தில் இரண்டு விழுந்தாயிற்று.

அப்போதுதான் கதவு திறந்து வேறோர் அம்மாள் உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆகிருதியான உருவம், கையில் தோல்பை. தூதரகத்தில் முத்திரை போடுகிற அதிகாரி, ரஷ்யப் பெண்மணி. நம் பேச்சைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்தது.

"நான் ஒரு புகாரோடு வந்திருக்கிறேன்" என்றார். "உங்கள் சான்றிதழ் பெற்றவர்களில் ஒன்பது பேர் இந்த ஆறு மாதத்தில் என் ஜன்னலுக்கு முன்னால் வணக்கம் சொல்லிவிட்டுத் தரையில் விழுந்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் இப்போது என் பிறந்த நாளுக்கு வாழ்த்து அனுப்புகிறார். இங்கே என்ன நடக்கிறது?"

முதல்வருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் உள்ளே வந்த முதல் ரஷ்யர். நாற்காலி போடச் சொன்னார். எல்லாவற்றையும் பெருமையாக விளக்கினார். பிறகு உபசாரமாக, "மேடம் வாயால அந்த எழுத்தை ஒரு தடவை கேக்கற பாக்கியம் எங்களுக்கு வேணும்" என்றார்.

அந்த அம்மாள் தோளைக் குலுக்கிவிட்டுச் சொன்னார். சாதாரணமாக, வீட்டில் யாரையோ கூப்பிடுவது போல. முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

தலையணை மேடம் தாளில் ஏதோ குறித்தார். அழுத்த விரிவுரையாளர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க மேடம். அவசரமில்ல."

சொன்னார். முதல்வர் பெருமூச்சு விட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. இது உங்க குத்தமில்ல. தாய்மொழிங்கறதால சின்ன வயசுல உங்களை யாரும் சரியா கவனிச்சிருக்க மாட்டாங்க. அம்மா அப்பா பேசறதைக் கேட்டுக் கேட்டுப் பேசியிருப்பீங்க. ஒரு மொழிக்கு அதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. கவலைப்படாதீங்க, உங்களை இப்படியே திருப்பி அனுப்ப எங்க மனசு கேக்காது." லிஃப்ட்காரர் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "தேர்வோட கடைசிப் பகுதி, திருத்தல். தேர்வர், வேற ஒருத்தரோட பிழையைத் தன் கையால திருத்திக் காட்டணும். மத்த தேர்வருக்கெல்லாம் நாங்க புது மாணவரைத்தான் குடுப்போம். உங்களுக்கு அதிர்ஷ்டம் சார். எழுந்து வாங்க. மேடத்தைத் திருத்துங்க. மூணாவது கையெழுத்து ரெடியா இருக்கு."

லிஃப்ட்காரர் எழுந்து போனார். அந்த அம்மாள் அவரையும், அவர் முஷ்டியையும், மேசைமேல் இருந்த சான்றிதழையும் பார்த்தார். தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நீங்கள் அடித்தால்தான் அதைக் கொடுப்பார்களா?"

"ஆமாங்க மேடம்."

"எதற்காக உங்களுக்கு அது?"

"என் மனைவி அங்க நர்ஸுங்க. நாளன்னைக்குள்ள நான் போகலேன்னா வீடு போயிடும். அது இல்லாம நீங்க முத்திரை போட முடியாதுங்களா?"

"முடியாது. விதி எண் பதினான்கு." அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தோல்பையைத் தரையில் வைத்து, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, கால்களை அகட்டி நின்றார். "அப்படியானால் அடியுங்கள். சீக்கிரம். எனக்கு மூன்று மணிக்கு ஒரு கூட்டம் இருக்கிறது."

லிஃப்ட்காரர் முஷ்டியைப் பின்னுக்கு இழுத்தார். ஒன்றரை அறை கண்ணில் தெரிந்தது. ஜன்னல் தெரிந்தது. முஷ்டி அங்கேயே நின்றது. பிரேக் பிடித்த லிஃப்ட் பெட்டி போல மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பிறகு மெல்ல இறங்கியது.

"முடியல சார்."

"ஏன் முடியல? இருபத்தொரு நாள் நீங்களே வாங்கியிருக்கீங்க!"

"அதனாலதான் சார். எப்படி இருக்கும்னு தெரியாம இருந்தா குத்தியிருப்பேன்."

முதல்வர் தாளில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். "தேர்வர் தோல்வி. காரணம், போதிய ஈடுபாடின்மை. அடுத்தவங்க வாங்க."

தையல் அக்கா முந்தானையை இடுப்பில் இறுக்கிச் சொருகிக்கொண்டு வந்தாள். லிஃப்ட்காரரைத் தாண்டும்போது, "தள்ளிக்கோங்க தம்பி" என்றாள். மேசைக்கு முன்னால் போய் நின்று, "ஒரு சந்தேகம் சார். யாரைத் திருத்தணும்னு விதியில பேர் போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

"பேரெல்லாம் இல்ல. 'தவறாக உச்சரிப்பவரை'ன்னுதான் இருக்கு."

"அப்ப நீங்க ஒரு தடவை சொல்லுங்க சார். நாங்க யாரும் உங்க வாயால கேட்டதே இல்லையே."

எல்லோரும் முதல்வரைப் பார்த்தார்கள். இருபத்தெட்டு வருடத்தில் அவர் உரைதான் ஆற்றியிருக்கிறார். எழுத்தைச் சொன்னதில்லை. அழுத்த விரிவுரையாளரே ஆவலாக முன்னால் சாய்ந்தார். முதல்வர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஏதோ ஒன்றைச் சொன்னார். ஆட்டுக்குட்டி தும்மியது போல இருந்தது.

அக்காவின் குத்து மேசையைத் தாண்டிப் போய் விழுந்தது. முப்பது வருடம் கால் மிஷின் மிதித்தவளுக்குக் கையிலும் அந்த வலு இருந்தது. முதல்வர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, "ஐயோ, அம்மா! செத்தேன்!" என்று தூய தாய்மொழியில் கத்தினார். அழுத்த விரிவுரையாளர், பழக்க தோஷத்தில், 'அம்மா'வில் அழுத்தம் தவறிவிட்டதாக நினைத்து அவருடைய இடது கன்னத்தில் ஓர் அறை விட்டார். அறைந்த பிறகுதான் யாரை அறைந்தோம் என்று அவருக்கு உறைத்தது. முதல்வர் தரையில் கிடந்தபடியே அவர் காலைக் கடித்தார். தலையணை மேடம் முதல்வரைக் காப்பாற்றுவதற்காகப் பலகையை வீச, அது விரிவுரையாளரின் மூக்கில் பட்டு ரத்தம் சான்றிதழ்மேல் தெறித்தது.

அந்தச் சத்தம் மூன்றாவது மாடிக்குக் கேட்டது. எழுத்துத் துறை இதற்காகப் பதினோரு வருடம் காத்திருந்தது. எஃகு ஸ்கேல்களோடு பன்னிரண்டு பேர் படியில் தடதடவென்று இறங்கினார்கள். காது மடல் போன நூலகர் முன்னால் வந்தார். தாக்குதலுக்கு முன்னால் வாசலில் நின்று, "மொலோகோ!" என்று முழங்கினார். உள்ளே இருந்து நாலு பேர், "மலகோ!" என்று திருப்பி முழங்கினார்கள். பிறகு யாரும் எதுவும் பேசவில்லை. ஸ்கேல்கள் பளபளத்தன. நாற்காலிக் கால்கள் பிடுங்கப்பட்டன. ஒருவர் இன்னொருவரின் டையைப் பிடித்துச் சுவரில் மோதிக்கொண்டே இருந்தார். மூல ஒலிநாடா பெட்டியோடு ஜன்னல் வழியாகப் பறந்தது. மாஸ்டர் நடுவில் புகுந்து, "விடுங்க சார், விடுங்க சார், எல்லாரும் படிச்சவங்க" என்று கெஞ்சினார். அவர் தலையில் மட்டும் மூன்று பேர் மூன்று திசையிலிருந்து அடித்தார்கள்.

நூலகர் நிறுவனத்தின் பெரிய அகராதியைத் தூக்கினார். நாலு கிலோ, முனைகளுக்குப் பித்தளைக் கட்டு. முதல்வரைப் பார்த்துத்தான் வீசினார். முதல்வர் குனிந்துகொண்டார். பின்னால் தூதரக அம்மாள் குனிந்து தோல்பையை எடுத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் யோசிக்கவில்லை, குறுக்கே கையை நீட்டிவிட்டார்.

எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. அதன்பிறகு அவர் வாயிலிருந்து வந்ததுதான் அந்தக் கட்டடத்தில் அதுவரை யாரும் கேட்டிராத சத்தம். சண்டை அப்படியே உறைந்தது. மேசைக்கு அடியிலிருந்து முதல்வர் தவழ்ந்து வந்தார். கண்ணில் நீர் ததும்பியது.

"அதேதான்! மாலுமியோட அதே எழுத்து! கடவுளே, இருபத்தெட்டு வருஷம்!" என்றார்.

"அப்ப சான்றிதழ் குடுங்க சார்" என்றாள் தையல் அக்கா.

முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் வாடியது. "தேர்வு நேரம் ரெண்டு நிமிஷத்துக்கு முன்னால முடிஞ்சிடுச்சே. இது நேரத்துக்கு வெளிய வந்த ஒலி. பாராட்டுக் கடிதம் வேணும்னா குடுக்கலாம்."

லிஃப்ட்காரர் சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்தார். தூதரக அம்மாள் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, கையை மெல்லத் தொட்டுப் பார்த்தார். பிறகு தோல்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"இது மருத்துவ அனுமதி. இதற்கு உச்சரிப்புச் சான்றிதழ் தேவையில்லை. கடல் உறையும் எங்கள் துறைமுக ஊரில், எலும்புக்கென்றே வார்டு உள்ள ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது."

"தெரியுங்க மேடம்" என்றார் லிஃப்ட்காரர். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்றே முத்திரை போடலாம். நாளைய விமானத்தில் அனுப்பலாம். ஆறும் வரை அங்கே இருக்கலாம், பிறகு அங்கிருந்தே நீட்டித்துக்கொள்ளலாம்." அவர் விரல் படிவத்தில் ஓரிடத்தில் நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டார். "ஆனால் 'இரண்டு எலும்புகளுக்குக் குறையாமல்' என்று இருக்கிறது."

"முன்கையில ரெண்டு எலும்பு உண்டு மேடம். என் மனைவி சொல்லியிருக்கா."

அவர் மறுபடி அழுத்திப் பார்த்தார். லிஃப்ட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ஒன்றுதான் முறிந்திருக்கிறது. இன்னொன்று மிகவும் நன்றாக இருக்கிறது" என்றார் அந்த அம்மாள், துக்கம் விசாரிப்பவர் போல. "என்னை மன்னியுங்கள். விதி விதிதான்."

லிஃப்ட்காரர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் நெற்றியில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே பின்வாங்கினார்.

"என்னால ஆகாது சார். நான் வயித்துக்கு மட்டும்தான் நியமனம். எலும்பு என் பாடத்திட்டத்துல இல்ல." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி அழ ஆரம்பித்தார்.

தையல் அக்கா தரையில் கிடந்த அகராதியை இரண்டு கையாலும் தூக்கினாள். எடை பார்த்தாள். "தம்பி, நான் துணியை ஒரே வெட்டுல வெட்டறவ. ரெண்டாவது தடவை கேக்காது. சரியா?"

"ஒரு நிமிஷம்க்கா."

அவர் நல்ல கையால் போனை எடுத்து நம்பரை அமுக்கினார். அந்தப் பக்கம் மணி இரண்டு தரம் அடித்தது.

"என்னங்க, தேர்வு என்ன ஆச்சு? பாஸா?"

"அதை விடு. உங்க வார்டுல கட்டில் ஏதாவது காலியா இருக்கா?"

"ஜன்னலோரம் ஒண்ணு இருக்கு, காலையிலதான் காலியாச்சு. ஏங்க, யாருக்கு?"

லிஃப்ட்காரர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டார். முறிந்த கையை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே பாலம் போல நீட்டி வைத்து, அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார்.